காகிதம் நசுங்காது

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாவலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது, மிகச் சிறிய ஒரு வாக்கியம் என்னை ஒரு மாலைப்பொழுது முழுவதும் நிறுத்திவைத்தது. கதையில் வருகிறவன் தனக்கு வந்த கடிதத்தைப் படித்து முடித்து, அதைத் தரையில் போட்டு, காலால் பலமாக மிதிக்கிறான். மூலத்தில் அந்தச் செயலுக்கென்றே ஒரு தனி வினைச்சொல் இருந்தது. பாதத்தின் கனம், மனத்தின் கோபம், தரையில் எழும் ஓசை ஆகிய மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருந்தன. தமிழில் எனக்கு முதலில் வந்து நின்றது ‘மிதித்தான்’. அது போதவில்லை. கூட்டம் நிறைந்த பேருந்தில் பக்கத்தில் நிற்பவரின் கால்மேல் தெரியாமல் கால் வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்பவரும் மிதிக்கத்தான் செய்கிறார். கடிதத்தை மிதித்தவனுக்கும் அவருக்கும் ஒரே சொல்லா என்று எனக்குத் தோன்றியது.

அகராதிகளைப் புரட்டி, ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டேன்: துவைத்தல், நசுக்குதல், உழக்குதல், சவட்டுதல், உதைத்தல், நெரித்தல், அழுத்துதல், ஊன்றுதல். எட்டுச் சொற்கள் கையில் இருக்கும்போது பணக்காரனைப் போன்ற உணர்வு வந்துவிடுகிறது. அவற்றுள் எனக்குப் பிடித்த ‘நசுக்கினான்’ என்பதைப் போட்டு, “அவன் அந்தக் கடிதத்தை நசுக்கினான்” என்று எழுதி அனுப்பினேன். படியைத் திருத்திய மூத்த ஆசிரியர் அந்த வரியின் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். நேரில் பார்த்தபோது கேட்டார்: “தம்பி, கையாலா, காலாலா?”

“காலால்தான் ஐயா.”

“அது இந்த வரியில் எங்கே இருக்கிறது? அதோடு, காகிதம் நசுங்காது. கசங்கும்.”

அவ்வளவுதான் சொன்னார். அந்த இரண்டு குறைகளும் என் எட்டுச் சொல் பட்டியலையே கலைத்துப்போட்டன. அன்றிலிருந்து இந்தச் சொற்கள் காதில் விழும்போதெல்லாம் கொஞ்சம் நின்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. அப்படிக் கேட்டுச் சேர்த்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ‘நசுக்கு’. இச்சொல்லுக்குள் கால் என்ற உறுப்பே இல்லை. விரலால் மூட்டைப்பூச்சியை நசுக்கலாம், கல்லால் பூண்டை நசுக்கலாம், கதவிடுக்கில் விரல் நசுங்கலாம். இச்சொல் சொல்வதெல்லாம், மேலிருந்து அழுத்தம் வந்தது, உள்ளே ஈரமோ சதையோ வெற்றிடமோ இருந்த ஒரு பொருள் தட்டையாகிவிட்டது என்பதைத்தான். தக்காளி நசுங்கும், எறும்பு நசுங்கும், தகர டப்பா நசுங்கும். காகிதத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது நசுங்குவதற்கு? அது ஏற்கெனவே தட்டை. ஆகையால் அது கசங்குகிறது. அதேபோல் சருகு நொறுங்கும், தகடு நெளியும், நாற்று மடங்கும், பூ வாடித் துவளும், சேறு குழையும், மண் இறுகும். ஒரே கால் ஒரே வேகத்தில் இவை எல்லாவற்றின் மீதும் இறங்கினாலும், தமிழில் ஒவ்வொரு பொருளும் தன் முடிவுக்குத் தனக்கென்று ஒரு சொல்லை வைத்திருக்கிறது. இவற்றில் பலவற்றுக்கு இரட்டை வடிவமும் உண்டு: நசுங்கு–நசுக்கு, கசங்கு–கசக்கு, நொறுங்கு–நொறுக்கு. மெல்லின ஒற்று வந்தால் பொருள் தானே பட்டது. வல்லின ஒற்று வந்தால் யாரோ படுத்தினார்கள்.

‘மிதி’யின் கதை வேறு. அதற்கு இத்தகைய இணை வடிவம் கிடையாது. மிதித்தான் என்று சொல்லலாம். மிதிக்கப்பட்ட பொருளின் பக்கம் நின்று பேச வேண்டுமானால் ‘படு’ என்ற துணையைக் கூப்பிட்டு ‘மிதிபட்டது’ என்றுதான் சொல்ல வேண்டும். செய்தவனுடைய பாதம் கீழே இறங்கியது என்பதோடு அச்சொல்லின் வேலை முடிந்துவிடுகிறது. என்ன ஆயிற்று என்று அது சொல்வதில்லை. “முட்டையை மிதித்தான்” என்றால் உடைந்திருக்கும் என்று நாமாக ஊகிக்கிறோம். “பாறையை மிதித்தான்” என்றால் எதுவும் ஆகியிருக்காது என்றும் நாமாகவே ஊகிக்கிறோம். யாருக்கு வலித்தது என்பதைக்கூட அது சொல்வதில்லை. “எறும்பை மிதித்தேன்” என்றால் எறும்புக்குக் கேடு. “முள்ளை மிதித்தேன்” என்றால் எனக்குக் கேடு. “மிதித்தாரைக் கடியாத பாம்பு உண்டோ” என்ற பழமொழியில் கேடு இரண்டு பக்கமும் சமமாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. “கோழி மிதித்துக் குஞ்சு முடமாகாது” என்பதில் யாருக்கும் கேடில்லை. அந்தப் பழமொழியின் பொருளே அதுதான். கனமான காலும் மெல்லிய உடலும் சந்திக்கும் இடத்தில்கூட, மிதித்தல் என்ற சொல் தானாகக் காயத்தைக் கொண்டுவருவதில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

இன்னும் மென்மையான இடங்களிலும் இச்சொல் புழங்குகிறது. திருமணத்தைக் குறிக்க “அம்மி மிதித்து அருந்ததி பார்த்து” என்கிறோம். அங்கே ஒரு பாதத்தைக் கையால் எடுத்துக் கல்லின்மேல் வைப்பதுதான் நடக்கிறது. “உன் வீட்டு வாசலை இனி மிதிக்கமாட்டேன்” என்று ஒருவர் சபதம் செய்யும்போது, அவர் இதுவரை அந்த வாசற்படியை ஓங்கி ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தார் என்று யாரும் பொருள் கொள்வதில்லை. “பிறந்த மண்ணை மிதித்ததும் கண் கலங்கிவிட்டது” என்பதில் மிதிப்பு ஏறக்குறைய வணக்கமாகவே ஆகிவிடுகிறது. தீமிதியை எடுத்துக்கொண்டால், மிதிப்பவர் கனத்தோடு அழுத்துவதே கிடையாது, விரைவாகக் கடந்துபோகிறார். அதைச் செய்பவர்கள் ‘தீ’ என்ற சொல்லைக்கூடத் தவிர்த்துப் ‘பூ மிதித்தல்’ என்றும், ‘மிதி’யையும் தவிர்த்துப் ‘பூக்குழி இறங்குதல்’ என்றும் சொல்வது வழக்கம். அச்சத்தைச் சொல்லிலிருந்து எடுத்துவிட்டுக் காலுக்கு மட்டும் விட்டுவைக்கிறார்கள் போலும்.

ஆக, நான் தேடிய கனம் ‘மிதி’க்குள் இல்லை. தமிழில் அது வேறெங்கோ வைக்கப்பட்டிருக்க வேண்டும். எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு அகராதி உதவவில்லை, சண்டைதான் உதவியது. இரண்டு பேர் உரக்கச் சண்டையிடும்போது கவனித்துப் பாருங்கள். “ஒரு மிதி மிதிச்சேன்னா…” என்பார் ஒருவர். அந்த ‘ஒரு மிதி’ என்ற பெயர்ச்சொல்லே அந்த வினைக்குச் செயப்படுபொருளாக நின்று, அடுத்துவரும் மிதியை எண்ணிக்காட்டுகிறது. வாக்கியத்தை முடிக்காமல் விடுவதால் மிச்சக் கனத்தைக் கேட்பவரே கற்பனை செய்துகொள்கிறார். நடந்ததைப் பின்னர் பிறரிடம் சொல்பவர், “போட்டு மிதி மிதியென்று மிதித்துவிட்டான்” என்பார். வேறு சொல் தேடாமல், அதே சொல்லை மூன்று முறை சொல்லிக் கனத்தைக் கூட்டும் இந்த முறை நம் மொழிக்கு மிக இயல்பானது. அடி அடியென்று அடித்தான், தேடு தேடென்று தேடினான், மிதி மிதியென்று மிதித்தான். பட்டியலில் இருந்த எந்த ஒரு சொல்லாலும் இவ்வளவு கனத்தைத் தூக்க முடியாது.

இன்னொரு வழி, முன்னால் ஒரு வினையெச்சத்தைக் கட்டுவது. ஓங்கி மிதித்தான் என்றால் கால் எவ்வளவு உயரத்திலிருந்து வந்தது என்று தெரிகிறது. ஏறி மிதித்தான் என்றால் உடம்பின் முழு எடையும் கூடவே வந்தது. அழுத்தி மிதித்தான் என்றால் கால் ஏற்கெனவே மேலே இருந்தது, அதன் பிறகு பலம் சேர்ந்தது. பிரேக்கை அப்படித்தான் மிதிக்கிறோம். போட்டு மிதித்தான் என்றால் எதிராளி கீழே விழுந்துவிட்டான் என்பதும் அவனுக்கு இனித் தப்பிக்க வழியில்லை என்பதும் சேர்ந்தே வருகின்றன. பின்னால் கட்டுவதும் உண்டு: மிதித்து நசுக்கினான், மிதித்து நொறுக்கினான், மிதித்துத் துவைத்தான். முன்னால் வரும் எச்சம் காலின் வரவைச் சொல்கிறது. பின்னால் வரும் வினைமுற்று பொருளின் கதியைச் சொல்கிறது. ‘மிதி’ நடுவில் எடையில்லாத ஓர் அச்சாணிபோல நிற்கிறது. வேறு சில மொழிகள் ஒவ்வொரு வகை மிதிப்புக்கும் ஒவ்வொரு வினையை அடித்து வார்த்துவைத்திருக்க, தமிழ் ஒரே வினையை வைத்துக்கொண்டு அதன் இரு புறமும் துணைகளை மாற்றிக்கொள்கிறது. இதை ஏழ்மை என்று நான் முதலில் நினைத்தது, பட்டியலைப் பார்த்துச் செல்வந்தனானதாக நினைத்ததன் மறுபக்கம்தான்.

பேருந்தில் நடப்பதற்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் அங்கே இரண்டே எழுத்துகளில் ஒரு வழக்கு விசாரணை நடக்கிறது. “சார், காலை மிதிக்கிறீங்க” என்று ஒருவர் சொல்கிறார். மற்றவர் பதறிப்போய்க் காலை எடுத்து, “ஐயோ, மிதிச்சுட்டேனா?” என்கிறார். ‘மிதித்தேனா’ என்று அவர் கேட்பதில்லை. ‘விடு’ என்ற துணைவினையைச் சேர்த்து ‘மிதித்துவிட்டேனா’ என்று கேட்பதன் மூலம், அது தன் எண்ணமின்றி நிகழ்ந்துவிட்டது என்ற வாதத்தையும் மன்னிப்பையும் ஒன்றாகவே சமர்ப்பிக்கிறார். பாதிக்கப்பட்டவர் அந்த வாதத்தை ஏற்கவில்லையென்றால், “மிதிச்சுட்டு நிக்கிறீங்களே!” என்று அடுத்த துணைவினையைக் கொண்டுவருவார், அதில் குற்றம் மீண்டும் முழுமையாகிறது. முள் விஷயத்தில் இதே வினை ‘கொள்’ என்பதோடு சேர்ந்து “முள்ளை மிதித்துக்கொண்டான்” என்று ஆகும்போது, விளைவு செய்தவனுக்கே திரும்பியது என்பதைக் காட்டுகிறது. அகராதியின் ஒத்த சொல் பட்டியல்களில் இந்தத் துணைவினைகளுக்கு இடமே இல்லை என்பது என் நெடுநாள் குறை.

வேற்றுமை உருபும் சும்மா இருப்பதில்லை. “புல்லை மிதிக்காதீர்” என்று எழுதிய பலகையையும் “புல்லின்மேல் நடக்காதீர்” என்று எழுதிய பலகையையும் பாருங்கள். முதல் பலகையில் ‘ஐ’ உருபு புல்லை ஓர் உயிராக, பாதிக்கப்படும் ஒன்றாக முன்னிறுத்துகிறது. இரண்டாம் பலகையில் புல் வெறும் இடம். இரண்டும் ஒரே காலைத்தான் தடுக்கின்றன. ஆனாலும் முதல் பலகையைப் படித்தவர் கொஞ்சம் வெட்கப்பட்டு விலகுவார் என்றே நான் நம்புகிறேன். “சேற்றை மிதித்தான்” என்பதற்கும் “சேற்றில் மிதித்தான்” என்பதற்கும் இடையே இதே வேறுபாடு உண்டு. வீடு கட்டவோ பானை வனையவோ குழைப்பவர் சேற்றை மிதிக்கிறார். வழியில் பார்க்காமல் வந்தவர் சேற்றில் மிதித்துவிடுகிறார்.

இனி ‘உதை’. இது மிதியின் உடன்பிறப்பாகத் தோன்றினாலும் திசை வேறு. உதைத்தால் பொருள் காலைவிட்டு விலகிப் போக வேண்டும். மிதித்தால் அது காலுக்கும் தரைக்கும் நடுவில் சிக்கிக்கொள்ள வேண்டும். பந்தை உதைப்பதும் பந்தை மிதிப்பதும் எவ்வளவு வேறு என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பேச்சுவழக்கு இந்த எல்லையை மதிப்பதில்லை. “எட்டி மிதிச்சான்” என்று சொல்லும்போது கால் கிடைமட்டமாகப் போய், உள்ளங்கால் எதிராளியின் நெஞ்சிலோ கதவிலோ பட்டிருக்கிறது. தரைக்கு அங்கே வேலையே இல்லை. உள்ளங்கால் பதிந்தது என்ற ஒரே காரணத்தால் உதை மிதியாகிவிடுகிறது. எழுத்தில் இதை அப்படியே பயன்படுத்தலாமா என்று கேட்டால், பாத்திரத்தின் வாயில் வரும்போது பயன்படுத்தலாம், கதை சொல்பவரின் வாயில் வரும்போது ‘எட்டி உதைத்தான்’ என்பதே தெளிவு என்பது என் கருத்து. யார் மிதிக்க முடியும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. கால் உள்ளவைதாம் மிதிக்கும். சக்கரம் மிதிப்பதில்லை, அது ஏறுகிறது. “காலில் வண்டி ஏறிவிட்டது” என்கிறோமே தவிர, வண்டி மிதித்துவிட்டது என்று சொல்வதில்லை.

பழைய இலக்கியத்தைப் பார்த்தால், புலவர்கள் இச்சொல்லை எங்கே தவிர்த்தார்கள் என்பது அவர்கள் எங்கே பயன்படுத்தினார்கள் என்பதைவிடச் சுவையாக இருக்கிறது. திருக்குறளின் 3ஆம் குறளில் இறைவன் ‘மலர்மிசை ஏகினான்’. மலரின்மேல் அடி வைத்துப் போகும் செயலுக்கு வள்ளுவர் ‘ஏகுதல்’ என்ற, தரையையே தொடாததுபோன்ற ஒரு சொல்லை எடுக்கிறார். ‘மலர் மிதித்தான்’ என்று ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள், மலர் உடனே கசங்கிவிடும். 610ஆம் குறளில் உலகத்தையே காலால் கடந்தவன் ‘அடியளந்தான்’ ஆகிறான். அவன் கடந்த நிலம் ‘தாஅயது’, அதாவது தாவியது. அங்கும் மிதிப்பு இல்லை. 1120ஆம் குறள் இன்னும் ஒரு படி மேலே போகிறது: ‘அனிச்சமும் அன்னத்தின் தூவியும் மாதர் அடிக்கு நெருஞ்சிப் பழம்’. அனிச்சப் பூவின் மேலும் அன்னத்தின் இறகின் மேலும் அவள் கால் பட்டது என்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில் வினைச்சொல்லே கிடையாது. மூன்று பெயர்களையும் ஓர் அடியையும் அருகருகே வைத்துவிட்டு, மிதித்ததை நம்மிடமே விட்டுவிடுகிறார். திருப்பாவையின் 24ஆம் பாசுரத்தில் ஆண்டாள் உலகம் அளந்ததற்கு ‘அளந்தாய்’ என்றும், சகடாசுரனுக்குப் ‘பொன்றச் சகடம் உதைத்தாய்’ என்றும் பிரித்துச் சொல்கிறாள். சகடம் சிதறி விலக வேண்டும், ஆகவே உதை. உலகம் எங்கும் போகக் கூடாது, ஆகவே அளத்தல்.

பக்கத்து மொழியான மலையாளத்தில் உலகளந்தவனின் மூன்றாம் அடியின் கதையைச் சொல்லும்போது, வாமனன் மாவேலி என்ற மகாபலியைப் பாதாளத்துக்குச் ‘சவிட்டித் தாழ்த்தினான்’ என்று சொல்வது பரவலான வழக்கு. அங்கே மக்களின் அன்பு மாவேலியின் பக்கம் இருப்பதால், அளந்தவனின் கால் கனத்துவிடுகிறது. தேர்ந்தெடுத்த வினைச்சொல்லே யார் கட்சி என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அந்தச் ‘சவிட்டு’, என் பட்டியலில் இருந்த ‘சவட்டு’தான். பதிற்றுப்பத்தில் ‘மன்பதை சவட்டும்’ கூற்றம் வருகிறது. அங்கே பொருள் அழித்தல், கால் என்பது வெளிப்படையாக இல்லை. மலையாளத்தில் அது முழுக்க முழுக்கக் காலுக்குரிய சொல்லாகிவிட்டது. பலகை மேடையில் ஓங்கி மிதித்து ஆடும் கேரளக் கடற்கரைக் கிறித்தவர்களின் கலைக்குச் சவிட்டுநாடகம் என்றே பெயர். தமிழின் எழுத்து வழக்கில் ‘சவட்டு’ வழக்கொழிந்ததாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, குமரி மாவட்டத்து நண்பர் ஒருவர் சாதாரணமாக “ஒரு சவுட்டு சவுட்டினேன்” என்று சொன்னபோது தூக்கிவாரிப்போட்டது. சங்கப் புலவன் கூற்றுவனுக்குக் கொடுத்த சொல்லை, அவர் திறக்க மறுத்த ஒரு கதவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

‘உழக்கு’ இதைவிட அழகான பயணம் போயிருக்கிறது. உழு என்பதன் பக்கத்து வீட்டுச் சொல்லாகத் தோன்றும் இது, பழைய செய்யுள்களில் யானையும் எருமையும் நீரையும் சேற்றையும் காலால் கலக்கும்போது வரும். ஒரு முறை மிதித்துவிட்டு விடுவது உழக்குதல் ஆகாது. மாறி மாறி, கீழே இருப்பது மேலேயும் மேலே இருப்பது கீழேயும் போகும்படி மிதிக்க வேண்டும். தமிழகத்தில் இன்று உழக்கு என்றால் அளக்கும் படியைத்தான் பெரும்பாலோர் நினைப்பார்கள். ஈழத்திலோ சைக்கிளை உழக்குகிறார்கள். “சைக்கிளை உழக்கிக்கொண்டு போனான்” என்று ஈழத்துக் கதைகளில் முதன்முதலாகப் படித்தபோது நான் அச்சுப்பிழை என்று நினைத்தேன். பிறகு யோசித்தபோது, இரண்டு கால்களும் மாறி மாறி மேலும் கீழும் போய்வரும் அந்தச் செயலுக்கு ‘மிதி’யைவிடப் பொருத்தமான சொல் அதுதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. தமிழகம் வண்டிக்கே ‘மிதிவண்டி’ என்று வினையால் பெயர் வைத்தது. ஈழத்தின் அலுவல் வழக்கு சக்கரங்களை எண்ணித் ‘துவிச்சக்கரவண்டி’ என்று பெயர் வைத்துவிட்டு, பழந்தமிழ் வினையைப் பேச்சில் பத்திரமாக வைத்துக்கொண்டது.

கருவியை மிதியால் பெயரிடுவது சைக்கிளோடு தொடங்கியதும் இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் ‘மிதியுலைக் கொல்லன்’ வருகிறான்; காலால் மிதித்துக் காற்றூதும் உலையை உடைய கொல்லன். நண்டின் கவைத்த காலுக்கு அவனுடைய முறிந்த கொடிற்றை, அதாவது குறட்டை, உவமையாகச் சொல்லிவிட்டுப் புலவர் போய்விடுகிறார். அந்த ஒரு தொகைச்சொல்லில் ஒரு தொழிற்கூடம் நமக்குக் கிடைத்துவிடுகிறது. மிதியுலை, மிதியடி, மிதிகட்டை, மிதிவண்டி, கால்மிதி என்று இந்தக் குடும்பம் நீள்கிறது. இவற்றுள் ‘மிதியடி’ நம் கண்முன்னே பொருள் மாறிக்கொண்டிருக்கும் சொல். முன்பு அது காலில் அணிவது, குறிப்பாக மரத்தால் ஆனது. இப்போது பலர் வாசலில் போடும் விரிப்பை அப்படி அழைக்கிறார்கள். இவ்வரிசையில் கடைசியாகச் சேர்ந்தது ‘மிதிவெடி’. தமிழகத்துச் செய்தித்தாள்கள் கண்ணிவெடி என்றே எழுதிவந்த ஒன்றுக்கு, அதன்மேல் நடக்க நேர்ந்த ஈழத்தார் மிதிவெடி என்று பெயரிட்டார்கள். வைத்தவனின் தந்திரத்தைக் ‘கண்ணி’ சொல்கிறது. நடந்தவனின் காலை ‘மிதி’ சொல்கிறது.

மிதித்தே செய்யும் வேலைக்கு மிதியின் பெயர் கிடைக்காமல் போனதும் உண்டு. கதிரின்மேல் மாடுகளைச் சுற்றவிட்டு நெல்மணி பிரிப்பதைச் சூடு மிதித்தல் என்று சொல்வோர் இருந்தாலும், ‘போரடித்தல்’ என்பதே பரவலாக நின்றது. “மாடு கட்டிப் போரடித்தால் மாளாது செந்நெல்” என்ற பழம்பாட்டில் மாடு யாரையும் அடிக்கவில்லை, நடந்துகொண்டுதான் இருக்கிறது. மலையாளத்தார் இங்கே நேர்மையாக ‘மெதி’ என்கிறார்கள்.

‘துவை’யைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. துணியோடு அது இவ்வளவு நெருக்கமாகிவிட்ட பிறகு, தனியாக நின்று மிதித்தலைக் குறிக்கும் வலிமையை இழந்துவிட்டது. ‘மிதித்துத் துவைத்தான்’ என்ற கூட்டில்தான் பழைய பலம் தெரிகிறது.

‘நெரி’யைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெருங்கூட்டத்தில் மக்கள் இறந்துபோகும் செய்திகளைத் தமிழ் நாளேடுகள் ‘கூட்ட நெரிசலில் சிக்கி’ என்று எழுதுகின்றன. ஆங்கிலச் செய்திகள் அதே நிகழ்வை மிரண்டோடும் மந்தையைக் குறிக்கும் சொல்லால் குறிப்பிடுவது வழக்கம். அதைப் படிப்பவர், ஓடியவர்கள் விழுந்தவர்களை மிதித்துக் கொன்றார்கள் என்றே நினைப்பார். ஆனால் இத்தகைய விபத்துகளை ஆராய்ந்தவர்கள் சொல்வது வேறு. ஒரு சதுர மீட்டரில் 6, 7 பேருக்கு மேல் அடைபடும்போது, நின்ற நிலையிலேயே மார்பு விரிய இடமில்லாமல் மூச்சு முட்டித்தான் பெரும்பாலோர் இறக்கிறார்கள். அங்கே ஓடுவதற்கே இடம் இருப்பதில்லை. ‘நெரிசல்’ என்ற சொல் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. கழுத்தை நெரிப்பதில் உள்ள அதே நெரி. எனவே மொழிபெயர்க்கும்போது ‘மிதிபட்டு இறந்தனர்’ என்று மாற்றி எழுதுபவர்கள், வண்ணத்தைக் கூட்டுவதாக நினைத்துக்கொண்டு செய்தியைப் பிழையாக்குகிறார்கள். குற்றத்தையும் இறந்தவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள்மேல் தூக்கிப்போடுகிறார்கள்.

கனமும் அழுத்தமும் ஒன்றில்லை என்பதை இந்த இடத்தில் ஒரு சிறு கணக்காகவும் பார்த்துவிடலாம். 4,000 கிலோ எடையுள்ள யானை நான்கு கால்களிலும் நிற்கும்போது, ஒவ்வொரு பாதமும் ஏறத்தாழ 1,000 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டரின் மீது விழுவது 1 கிலோ எடைதான். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 1 சதுர சென்டிமீட்டர் முனையுள்ள குதிகால் செருப்பின் ஒற்றைக் குதியில் நின்றால், அந்த இடத்தில் 60 கிலோவும் இறங்கும். மரத்தரையில் பள்ளம் விழச்செய்வது இரண்டாமவர்தான். யானைக்கு ‘உழக்கு’, குதிகாலுக்குக் ‘குத்து’ என்று தமிழ் எப்போதோ பிரித்துவிட்டதை நினைத்துக்கொள்கிறேன். “குதிகாலால் குத்தி மிதித்தாள்” என்று கேட்டிருப்பீர்கள்.

மீதம் இருப்பது ஓசை. மூலநாவலின் அந்த வினையில் இருந்த மூன்று கூறுகளில் ஓசைதான் எனக்குக் கடைசியாக அகப்பட்டது. கோபத்தோடு தரை அதிர நடப்பதற்குத் தமிழில் தனி வினை கிடையாது. ஆனால் ‘தொம் தொம்மென்று’ நடக்கலாம், ‘திங்கு திங்கென்று’ குதிக்கலாம், ‘தடதடவென்று’ படியிறங்கலாம். சேற்றில் ‘சதக் சதக்’, சருகில் ‘சரசர’, காய்ந்த குச்சியில் ‘சடக்’. இவற்றை இரட்டைக்கிளவி என்றும் ஒலிக்குறிப்பு என்றும் இலக்கணப் பாடத்தில் படித்துவிட்டு, ‘தரமான’ உரைநடையில் பயன்படுத்தக் கூச்சப்படுகிறோம். எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. சிறுவர் கதைக்கு உரியவை என்று ஒதுக்கிவிட்டு, ‘பலமாக’, ‘கடுமையாக’, ‘ஆவேசமாக’ என்ற அடைகளால் நிரப்பினேன். அந்த அடைகள் எதிலும் தரையே இல்லை என்பது, வரியை வாய்விட்டுப் படித்த பிறகுதான் தெரிந்தது.

பக்கவாட்டில் ஒரு குறிப்பு. இந்தச் சொல்லை எழுதும்போது ‘மித’ என்ற அண்டைச் சொல்லிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மிதந்தான், மிதித்தான், மிதக்கிறான், மிதிக்கிறான். ஒன்று மேலே நிற்கும், மற்றது கீழே இறங்கும். ஒரு முறை நான் “வெற்றிக் களிப்பில் மிதித்தார்” என்று தட்டச்சு செய்து, அதை இரண்டு பேர் மெய்ப்புப் பார்த்தும் கண்டுபிடிக்காமல் அச்சேறியது. படித்த ஒருவர் மட்டும், “யாரை?” என்று கேட்டு எழுதினார்.

கடிதத்துக்கு வருகிறேன். ‘நசுக்கினான்’ போன பிறகு அந்த இடத்தில் பல வடிவங்கள் வந்து போயின. “மிதித்துக் கசக்கினான்” என்று எழுதியபோது, கசக்கியது கைதானே என்ற ஐயம் மீண்டும் வந்தது. “மிதி மிதியென்று மிதித்தான்” என்பதில் கனம் வந்தது, ஆனால் அவனுடைய இயல்புக்கு அது பொருந்தவில்லை. கதையில் அவன் குரல் உயர்த்திப் பேசாதவன். “ஓங்கி மிதித்தான்” என்பதில் கால் வந்தது, கோபம் வந்தது, கடிதம் மறைந்துவிட்டது. ஒரு காகிதத்தை ஓங்கி மிதிப்பவனைப் பார்த்தால் சிரிப்பு வரும் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். காகிதம் எதிர்ப்பே காட்டாத பொருள். அதன்மேல் எவ்வளவு பலமாகக் கால் விழுந்தாலும் தரைதான் ஓசை எழுப்பும். அவனுடைய கோபம் ஓசையில் இல்லை, காலை எடுக்காமல் இருப்பதில்தான் இருக்கிறது என்று தோன்றியதும், மிதி என்ற சொல்லையே எடுத்துவிட்டேன்.

“கடிதத்தைத் தரையில் போட்டு, அதன்மேல் ஏறி நின்றான்” என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆசிரியர் அந்த வரியை மெல்ல ஒரு முறை படித்தார். பிறகு, “செருப்போடா?” என்று கேட்டார். மூலத்தைப் பார்க்காமலே, “செருப்போடுதான் ஐயா” என்றேன். பென்சிலை எடுத்து ‘செருப்புக்காலோடு’ என்று மேலே எழுதிச் சேர்த்துவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.